தூசியும் முனையும்

இலங்கையில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்கு ஒளியின் குணம் ஒன்று 'முனைவாக்கம்' என்ற பெயரில் அறிமுகமாகிறது. பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படிக்கிற பிள்ளைக்கு அதே குணம் 'தளவிளைவு'. இரண்டு பெயர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திருகோணமலையில் பள்ளிக்கூடம் முடித்துத் திருச்சிக்குப் படிக்கப் போகிற பிள்ளை முதல் மாதம் இந்த மாதிரிச் சொற்களிடம்தான் திணறும். நம்முடைய தெறிப்பு அங்கே எதிரொளிப்பு. முறிவு அங்கே விலகல். தலையீடு அங்கே குறுக்கீடு. இவற்றை ஒரு வாரத்தில் ஊகித்துப் பிடித்துவிடலாம். முனைவாக்கத்திலிருந்து தளவிளைவை ஊகிக்கவே முடியாது. ஒரே பொருளை இரண்டு பேர் வேறுவேறாக விளங்கிக்கொண்டதன் பதிவு அந்த இரண்டு பெயர்களும்.

எந்தப் பெயர் சரி என்ற வழக்கு பழையது. அதை இப்போது கிளப்புவதற்குக் காரணம் தூசி. ஊர்த் தூசி இல்லை. பால்வீதியின் நடுவே, சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில், முகில் முகிலாகக் கிடக்கும் தூசி. அந்தத் தூசி விடும் கதிர்வீச்சின் முனைவாக்கத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து வானியலாளர் படம் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கலைச்சொல் வழக்கு நாம் நினைத்த இடத்தில் முடியவில்லை என்பது தெரிகிறது.

முனை என்ற சொல்லுக்குத் திருகோணமலைக்காரருக்கு அகராதி தேவையில்லை. இந்தத் துறைமுகமே முனைகளால் ஆனது. கோணேசர் கோயிலைத் தாங்கும் சுவாமிமலை கடலுக்குள் நீட்டிய முனை. ஒஸ்டன்பேர்க் கோட்டை இருந்த மேடு உட்துறைமுகத்தின் வாயிலைக் காக்கும் முனை. கொட்டியாரக் குடாவின் கிழக்கு ஓரத்தில் வெளிச்சவீடு நிற்பதும் ஒரு முனையில்தான். கரையோடு தெற்கே போனால் ஊர்ப் பெயரிலேயே முனையை வைத்திருக்கும் கல்முனை வரும். நிலம் கூராகி முடியும் இடம் முனை. கத்திக்கும் ஊசிக்கும் இருப்பதும் அதுவே.

பழைய தமிழில் அந்தக் கூர்மைக்கு இரத்த வாடை உண்டு. சங்கப் பாடல்களில் முனை என்றால் பெரும்பாலும் போர் நடக்கும் இடம், பகைவரோடு முட்டும் எல்லை. இதில் வேடிக்கை, தூசி என்ற சொல்லும் அதே களத்தில் நின்றது. நிகண்டுகளில் தூசி என்பது படையின் முன்னணி. புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதலில் போகிறவர்கள். ஆக, தூசி முனைக்குப் போனது என்று பழைய தமிழன் ஒருவன் சொன்னால் அது போர்ச் செய்தி. நாம் வழக்கில் தூசு என்றும் சொல்கிறோம். பழைய இலக்கியத்தில் தூசு என்றால் உடுக்கும் துணி.

முனைவாக்கத்துக்கு நேர் தாய் முனை அல்ல, முனைவு. காந்தத்தின் இரண்டு நுனிகளையும் தமிழ்நாட்டார் வடமுனை, தென்முனை என்பார்கள், அல்லது துருவம் என்ற வடசொல்லைப் போடுவார்கள். இலங்கைப் பாடநூல் வடமுனைவு, தென்முனைவு என்று எழுதும். கடலுக்குள் நீளும் நிலம் முனை, காந்தத்தின் நுனி முனைவு என்று பிரித்துக்கொண்டதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆனால் முனைவு புதுச்சொல் இல்லை. தொல்காப்பியத்தின் உரியியல் அதற்குப் பொருள் சொல்கிறது: முனிவு, அதாவது வெறுப்பு. ஒத்த முனைவுகள் ஒன்றையொன்று தள்ளும் என்று வகுப்பில் சொல்லும்போது அந்தப் பழைய வெறுப்பு தெரியாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே தொல்காப்பியத்தில் முனைவன் என்ற சொல் முதல்நூல் செய்தவனைக் குறிக்கிறது. அதை எடுத்துத் தமிழ்நாட்டார் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு முனைவர் என்று வைத்தார்கள். இலங்கையில் அந்தப் பட்டம் கலாநிதி. பட்டத்துக்கு முனையை எடுத்தவர்கள் ஒளிக்கு அதை விட்டார்கள். ஒளிக்கு எடுத்தவர்கள் பட்டத்துக்கு விட்டார்கள்.

இந்த முனைவு எந்த வழியாக ஒளிக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். வழி கொஞ்சம் நீளம்.

கிரேக்கத்தில் 'போலோஸ்' என்றால் சுழலும் அச்சு, குறிப்பாக வானம் சுற்றும் அச்சு. சுழல்தல் என்ற பொருளுள்ள ஒரு பழைய வேரிலிருந்து அது வந்தது. சமஸ்கிருதத்துச் சக்கரமும் அதே வேரின் கிளை. ஆக, போலோஸ் பிறந்த இடம் வானம். அது காந்தத்துக்கு இறங்கியது 1269 ஆகஸ்ட் 8 ஆம் தேதி. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது அன்று எழுதிய கடிதம் ஒன்று தப்பிப் பிழைத்ததால். பேத்ரூஸ் பெரிகிரீனஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இத்தாலியில் லூசெரா நகர முற்றுகையில் இருந்தபோது எழுதியது. உருண்டையாகக் கடைந்த காந்தக்கல் மேல் ஊசியை வைத்து, அது கிடக்கும் கோட்டைக் கல்லில் கீறி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால், கோடுகள் எல்லாம் எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் போய்ச் சேர்கின்றன. வான உருண்டையின் நெடுங்கோடுகள் அப்படித்தான் சேரும் என்பதால் அந்தப் புள்ளிகளுக்கும் அவர் வானத்தின் பெயரையே வைத்தார். கல்லுக்கு அந்த வலிமை வானத்தின் முனைகளிலிருந்து இறங்குகிறது என்று நம்பவும் செய்தார். பூமியே ஒரு காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் எழுதியது 1600 இல்.

ஒளிக்கு அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் எத்தியென் லூயி மாலூஸ். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்ப் பிளேக்கில் அடிபட்டுத் திரும்பிய படைப் பொறியியலாளர். 1808 இல் ஒரு மாலை, பாரிஸில் தம் வீட்டிலிருந்து, லக்சம்பர்க் அரண்மனையின் கண்ணாடிச் சன்னல்களில் தெறித்த சூரிய வெளிச்சத்தை ஐஸ்லாந்துப் பளிங்கு ஒன்றின் ஊடாகப் பார்த்தார். அந்தப் பளிங்கு எதையும் இரண்டாகக் காட்டும். அதைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்குவதையும் மற்றது துலங்குவதையும் அவர் கண்டார். நேரே சூரியனைப் பார்த்தால் அப்படி நடப்பதில்லை. தெறித்த ஒளிக்கு மட்டும் ஏதோ ஆகியிருக்கிறது. ஒளி என்பது துகள் என்று நம்பியவர் மாலூஸ். அந்தத் துகளுக்குக் காந்தம் போல முனைவுகள் இருக்கின்றன, தெறிக்கும்போது அவை எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக்கொள்கின்றன என்று முடிவு கட்டி, 1811 இல் 'போலரிசாசியோன்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே, 36 வயதில், காசநோயில் இறந்துபோனார். அவருடைய விளக்கம் அதன் பிறகு பத்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1821 இல் பிரெனல், ஒளி குறுக்காக அதிரும் அலை என்று காட்டினார். அதிர்வு ஒரே தளத்தில் நின்றால் அதுதான் மாலூஸ் கண்டது. முனைவும் இல்லை, காந்தமும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்தது.

மாலூஸ் சன்னலில் கண்டதை உட்துறைமுகத்தின் அசையாத நீரில் யாரும் காணலாம். நீரில் ஒளி செங்குத்துக்கு 53 பாகை சாய்ந்து விழும்போது, தெறிக்கும் ஒளி முழுவதும் கிடைத்தளத்தில் முனைவாகிவிடுகிறது. சூரியன் அடிவானத்துக்கு மேல் 37 பாகை உயரத்தில் இருக்கும் நேரம் அது. இங்கே ஏறக்குறைய காலை எட்டரை ஒன்பது மணியும் பிற்பகல் மூன்றரை மணியை ஒட்டியும். அந்த நேரத்தில் போலராய்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு வள்ளத்திலிருந்து குனிந்தால் நீர்மேல் மினுக்கம் அற்றுப்போய் அடியில் ஓடும் மீன் தெரியும். தலையைப் பக்கவாட்டில் சரித்தால் மினுக்கம் திரும்ப வந்துவிடும்.

இதே கடற்கரைக்கு 1871 இல் வானியலாளர்கள் ஒளியை அளக்க வந்திருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 12 ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்தது. நார்மன் லொக்கியர் தலைமையில் வந்த பிரித்தானியக் குழு மலபார்க் கரையில் பேக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று பிரிந்து நின்றது. திருகோணமலையில் திருசியகாட்டியோடு நின்றவர் ஹென்றி மோஸ்லி. அடுத்த ஆண்டு சலஞ்சர் கப்பலில் ஆழ்கடல் ஆராயப் போனவரும் அவரே. அன்று எல்லாரையும் குடைந்த கேள்வி, கிரகண நேரத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் என்ன என்பது. அது தானாக ஒளிர்கிறதா, சூரிய ஒளியைச் சிதறடிக்கிறதா? சிதறிய ஒளி என்றால் முனைவாகியிருக்க வேண்டும். அதனால் அந்தக் குழுவின் சாமான்களில் முனைவாக்கம் பார்க்கும் கருவிகளும் இருந்தன. நீலகிரியில் நின்ற பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், ஒளிவட்டத்தின் திருசியத்தில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டார். இன்றைக்கு விடை தெரியும். ஒளிவட்டத்தின் உட்பகுதி இலத்திரன்கள் சிதறடித்த, முனைவாகிய ஒளி. ஜான்சன் கண்ட கருங்கோடுகள் தூசி திருப்பி அனுப்பிய சூரிய ஒளிக்குரியவை.

அந்தக் கருவிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கும் வேலை அடுத்த நூற்றாண்டில்தான் சூடு பிடித்தது. அதிலும் கிழக்கிலங்கைக்கு ஒரு கை உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், யாழ் நூல் எழுதியவர் என்றே எல்லாருக்கும் நினைவு. அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியை ஏற்றபின் அதை நடத்தும் பொறுப்பிலும் இருந்தார். 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை ஏற்றார். அந்த முயற்சியில் விளைந்த 'கலைச்சொற்கள்' நூல் 1938 இல் வந்தது. 1940 இல் சென்னை அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரி குழு வடசொல் பக்கம் சாய்ந்தபோது எழுந்த எதிர்ப்பு பெரிது. இலங்கையில், விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் படிப்பிக்க வேண்டிய கட்டாயம் வந்த 1950களிலும் 60களிலும், அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வெளிவந்தன. இரு கரைகளின் சொற்களும் பிரிந்து நடக்கத் தொடங்கியது அங்கேதான்.

பிரிவுக்குச் சட்டமாக எழுதிய விதி எதையும் காட்ட வேண்டியதில்லை, சொற்களே காட்டிக்கொடுக்கும். இலங்கைக் குழு பெரும்பாலும் மூலச்சொல்லின் வயிற்றைக் கீறிப் பார்த்தது. இலத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழ், எனவே செந்நிறக்கீழ். 'அல்ட்ரா' என்றால் அப்பால், எனவே ஊதாகடந்த. 'வெக்டர்' என்றால் சுமந்து செல்பவன், எனவே காவி. தமிழ்நாட்டுக் குழு, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று கேட்டது. அங்கே அகச்சிவப்பு, புறஊதா. அளவோடு திசையும் உள்ளது திசையன். ஒரு சொல்லாக்கி வேரைத் தோண்டுகிறார், இன்னொருவர் காயைப் பறிக்கிறார். மாலூஸின் சொல் வந்தபோதும் அதுவே நடந்தது. இலங்கை 'போல்' என்பதைக் கண்டு முனைவாக்கம் என்றது. தமிழ்நாடு பிரெனலைக் கேட்டுத் தளவிளைவு என்றது.

ஒளியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தமிழ்நாடு வென்றது என்றுதான் சொல்ல வேண்டும். மாலூஸின் பிழையை இலங்கைச் சொல் அப்படியே சுமக்கிறது. தளவிளைவிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அதிர்வின் திசை சுற்றிக்கொண்டே போகும் வட்ட வகையைச் சொல்ல வரும்போது, தளம் என்ற சொல் இடறும். அங்கே நிலையான தளமே இல்லை. மின்காப்புப் பொருள்களில் மின்னேற்றங்கள் விலகி நிற்பதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அங்கே தமிழ்நாட்டாரும் தளத்தைக் கைவிட்டு மின்முனைவாக்கம் என்கிறார்கள். நம் இரசாயனவியல் பாடத்திலோ தளமுனைவாக்கிய ஒளி என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சமாதானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனித் தூசி.

அந்தக் கதையில் முதலில் வருபவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1946 இல் சூடான விண்மீன்களின் ஒளி எப்படி முனைவாகும் என்று கணக்குப் போட்டார். விண்மீன் வட்டின் விளிம்பில் அது 11.7 சதவீதம் வரை போகலாம் என்று வந்தது. ஒரு விண்மீன் தன் துணையை மறைக்கும் தருணத்தில் அந்த விளிம்பு மட்டும் தெரியும். அப்போது பிடித்துவிடலாம் என்று வில்லியம் ஹில்ட்னர் கிளம்பினார். முனைவாக்கம் கிடைத்தது, ஆனால் மறைப்பு நேரத்தில் மட்டும் இல்லை, எல்லா நேரத்திலும். பக்கத்து விண்மீன்களிலும் அதே சாய்வோடு கிடைத்தது. விண்மீனுக்கும் நமக்கும் நடுவில் உள்ள ஏதோ ஒன்று ஒளியை வடிகட்டுகிறது. ஹில்ட்னரும் ஜோன் ஹோலும் 1949 இல் இதைத் தனித்தனியே அறிவித்தார்கள். அந்த வடிகட்டி தூசி.

தூசி எப்படி வடிகட்டியாகும்? மணிகள் உருண்டையாக இருந்தால் ஆகாது. நீண்டோ தட்டையாகவோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, எல்லாம் ஒரே வாக்கில் நிற்கவும் வேண்டும். வெறும் வெளியில் ஒரு மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்கே உள்ள மணிகளை யார் வரிசைப்படுத்துவது? காந்தப்புலம் என்று 1951 இல் டேவிஸும் கிரீன்ஸ்டீனும் சொன்னார்கள். மணி தன் குட்டை அச்சில் சுழல்கிறது. அந்த அச்சு மெல்ல மெல்லக் காந்தப்புலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் சொன்ன காந்த இழுவை மட்டும் போதாது, விண்மீன் ஒளியே மணிகளை முறுக்கி விடுகிறது என்பது பிறகு வந்த திருத்தம். வரிசை காந்தப்புலத்தின் வரிசை என்பதில் மாற்றம் இல்லை.

இங்கேதான் வழக்கு திரும்புகிறது. ஒளித்துகள்களுக்கு முனைவு உண்டு, காந்தத்தால் இழுபட்டதுபோல் எல்லாம் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கின்றன என்று மாலூஸ் கற்பனை செய்தார். ஒளியில் அது பொய். விண்வெளித் தூசியில் அது ஏறத்தாழ அப்படியே நடக்கிறது. முனைவாக்கம் என்ற சொல் ஒளிக்குப் பிழையாக வைத்த பெயர். தூசிக்கு அது விளக்கவுரை. சொற்றொகுதி தொகுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. மூலச்சொல்லை எழுத்துப் பிசகாமல் பெயர்த்ததன் பயன், அதனுள்ளே கிடந்த காந்தமும் சேர்ந்து வந்துவிட்டது.

பால்வீதியின் நடுவைக் கண்ணால் காண முடியாததற்கும் இந்தத் தூசிதான் காரணம். அங்கிருந்து புறப்படும் கட்புலனாகும் ஒளியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கே நம்மை எட்டுகிறது. ஆனி ஆடி மாதங்களில் நள்ளிரவை ஒட்டித் திருகோணமலைக் கரையில் நின்றால், தேள் ராசியின் வாலுக்கும் தனு ராசிக்கும் இடையே, தெற்கில் ஏறக்குறைய 52 பாகை உயரத்தில் அந்த இடம் இருக்கும். கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் கிழக்குக் கரை வானம் பெரும்பாலும் தெளிவு. பாலாய்ப் பரவிய பட்டையின் நடுவே கருந்திட்டுகள் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, தூசி. பஞ்சாங்கக் கணக்கில் அந்தத் திசை மூல நட்சத்திரப் பிரிவுக்குள் விழுகிறது. மூலம் என்றால் வேர், ஆகவே முன்னோர் பால்வீதியின் நடுவை அறிந்தே பெயர் வைத்தார்கள் என்று முகநூலில் எழுதுகிறவர்கள் உண்டு. பால்வீதிக்கு நடு என்று ஒன்று இருப்பதும் அது அந்தத் திசையில் இருப்பதும் 1918 இல் ஹார்லோ ஷாப்லி சொன்ன பிறகுதான் யாருக்கும் தெரியும். தேளின் வாலை வேர் என்றவர்களுக்குத் தேளே போதுமான காரணம்.

ஒளியை மறைக்கும் தூசி தானும் கதிர்வீசும். அதன் சூடு பூச்சியத்துக்குக் கீழ் 250 பாகை செல்சியஸை ஒட்டியது என்பதால் வீசுவது செந்நிறக்கீழ்க் கதிரின் கடைசி ஓரத்தில், மில்லிமீற்றரின் சிறு பின்னங்களில். அதிலும் முனைவாக்கம் உண்டு, பெரும்பாலும் சில சதவீதம். நெல்மணி போல நீண்ட மணி தன் நீளவாக்கில்தான் அதிகம் வீசும். மணியோ காந்தப்புலத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. ஆகவே அளந்த சாய்வை 90 பாகை திருப்பினால் காந்தப்புலத்தின் கோடு. இதைத் தரையிலிருந்து அளப்பது பெரும்பாடு, காற்றில் உள்ள நீராவி அந்தக் கதிரை விழுங்கிவிடும். அதனால்தான் தென்துருவத்தில் பனிமேல் நிறுத்திய ஸ்பாரோ கருவி, பலூனில் ஏற்றிய கருவிகள், 2009 இல் ஏவிய பிளாங்க் செய்மதி, போயிங் 747 விமானத்தின் விலாவைத் திறந்து 2.7 மீற்றர் ஆடி வைத்த சோஃபியா என்று போனார்கள். சோஃபியா 12 கிலோமீற்றருக்கு மேலே பறந்து, 214 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் பால்வீதி நடுவின் மூலக்கூற்று முகில் பகுதி முழுவதையும் முனைவாக்கத்தில் வரைந்தது. ஃபயர்பிளேஸ் என்று ஆங்கில எழுத்துகளைக் கூட்டி அந்த ஆய்வுக்குப் பெயர் வைத்தார்கள், பொருள் கணப்படுப்பு. பூச்சியத்துக்குக் கீழ் உறைந்த தூசிக்கு அடுப்பின் பெயர். அந்த விமானம் 2022 செப்டம்பரில் கடைசியாகப் பறந்தது.

படத்தில் என்ன தெரிகிறது? ஸ்பாரோ 2003 இல் சொன்னது: தூசி முகில்களில் புலம் பெரும்பாலும் பால்வீதித் தளத்தோடு சேர்ந்து கிடக்கிறது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. 1984 இல் யூசப் சாதே, மொரிஸ், சான்ஸ் மூவரும் அதே நடுப்பகுதியில் வானொலி இழைகளைக் கண்டிருந்தார்கள். பல ஒளியாண்டு நீளம், முடி போல மெல்லியவை, தளத்துக்குச் செங்குத்தாக நிற்பவை. அவை காட்டும் புலம் மேலும் கீழும் ஓடுகிறது. தூசி காட்டும் புலம் கிடக்கிறது. சோஃபியாவின் விரிந்த படத்தில் இரண்டு வாக்கும் கலந்தே வந்திருக்கின்றன. தடித்த முகில்களைக் காற்றும் ஈர்ப்பும் இழுத்தடிக்கும்போது புலமும் சேர்ந்து படுத்துவிடுகிறது, முகிலுக்கு வெளியே அது நிமிர்ந்து நிற்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

புலத்தின் வலிமையைப் படத்திலிருந்து கறக்கும் வழியும் சந்திரசேகருடையதுதான். 1953 இல் பெர்மியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் சொன்ன தர்க்கம் எளிது. வாயு கொந்தளிக்கிறது, காந்தக் கோடுகளைக் குலுக்குகிறது. புலம் வலியது என்றால் கோடுகள் அசையாது. மெலியது என்றால் கலையும். ஆகவே சாய்வுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்து, வாயுவின் அடர்த்தியையும் வேகத்தையும் சேர்த்தால் வலிமை வந்துவிடும். சுழற்கரங்களில் அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 7 மைக்ரோகௌஸ். பிறகு வந்த திருத்தங்களோடு அந்த முறைதான் இன்று பால்வீதி நடுவுக்கும் பயன்படுகிறது.

முனைவாக்கம் என்ற பெயர் இவ்வளவு தூரம் வென்றுவந்து, கடைசிப் படியில் வழுக்குகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ளது ஒரு கோணம் மட்டுமே, அதுவும் 0 முதல் 180 பாகை வரைதான். கோடு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது என்று தூசி சொல்லும். அதன் வட முனைவு கிழக்கிலா மேற்கிலா என்று சொல்லாது. மணியைத் தலைகீழாக வைத்தாலும் அது அதேபோலத்தான் வீசும். முனைவாக்கப் படத்தில் கிடைக்காத ஒரே பொருள் முனைவு. தமிழ்நாட்டுச் சொல்லும் இங்கே தப்பாது. ஆங்கில ஆய்வாளர்கள் இந்தக் கோடுகளைப் போலி வெக்டர்கள் என்கிறார்கள். அதைத் திசையன் என்று பெயர்த்தால், திசையே இல்லாததைத் திசையன் என்றதாகும். நம் காவியே பரவாயில்லை. எதையோ காவிக்கொண்டு போகிறது, எந்தப் பக்கம் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. கோணத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, கோணம் மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. புலம் எப்படி உண்டானது என்ற கேள்விக்கு, அது மேல்பாதியில் ஒரு பக்கமும் கீழ்பாதியில் மறுபக்கமும் ஓடுகிறதா என்று தெரிய வேண்டும்.

திருகோணமலை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது. சாய்வூசியை இங்கே தொங்கவிட்டால் எந்த முனைவும் கீழே இழுக்காமல் ஏறக்குறையக் கிடையாக நிற்கும். வடக்கு எது என்று சொல்ல ஊசியில் சிவப்பு மை பூசியிருக்க வேண்டும். விண்வெளித் தூசிக்கு யாரும் மை பூசவில்லை.

அந்த மைக்கு வானியலாளர் வேறு பொருளிடம் போக வேண்டியிருக்கிறது. காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் என்று 1845 இல் மைக்கேல் பாரடே கண்ணாடித் துண்டு ஒன்றில் காட்டினார். இலத்திரன்களும் காந்தப்புலமும் உள்ள வெளியைக் கடந்து வரும் வானொலி அலையும் அப்படித் திரும்பும். புலம் நம்மை நோக்கினால் ஒரு பக்கம், நம்மைவிட்டு விலகினால் மறுபக்கம். அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்தத் திருப்பம் வளர்வதால் வானொலியில் அது பெரிது. தூசியின் குட்டை அலையில் ஒன்றுமில்லை. 2013 இல் பால்வீதி நடுவின் கருந்துளைக்கு அரை ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில், வானில் ஏறத்தாழ ஒட்டினாற்போல், ஒரு துடிமீன் விழித்துக்கொண்டது. அதன் துடிப்புகளில் அளந்த திருப்ப எண் சதுர மீற்றருக்கு 66,960 ஆரையன். மிகப் பெரிய எண். அங்கே புலம் மில்லிகௌஸ் கணக்கில் வலியது என்று அதிலிருந்து வந்தது. எண்ணுக்கு முன்னால் ஒரு மறைக் குறியும் இருந்தது: அந்தத் துடிமீனுக்கும் நமக்கும் நடுவே புலம், சராசரியில், நம்மைவிட்டு விலகிப் போகிறது. அது நம் பார்வைக் கோட்டின் வழியே மட்டும். குறுக்குவாக்கில் தூசி காட்டும் கோடுகளுக்கு வடக்கு எந்தப் பக்கம் என்பது இன்னும் குறிக்கப்படவில்லை.